கிளிக்குப் பறக்கத் தெரியும்... இறங்கத்தான் தெரியாது!

ஒரு வாரமாகவே அது கூண்டின் மேல் ஏறி நின்று, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். மேசையில் கிடக்கும் பேப்பரெல்லாம் பறக்கும், கிளி மட்டும் பறக்காது. வீட்டில் இருப்பவர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். "இன்னைக்குப் பறந்துடும் பாரும்மா" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அன்றைக்கும் பறக்காது. பிறகு யாரும் பார்க்காத ஒரு நேரத்தில், சமையலறையில் குக்கர் விசில் அடித்த அதிர்ச்சியில் பிடி நழுவும். அடுத்த நொடி அது காற்றில் இருக்கும்.

அந்த நேரத்தில் வீட்டிலேயே அதிகம் ஆச்சரியப்படுவது அந்தக் கிளிதான். கால்கள் இரண்டும் தொங்க, கழுத்தை நீட்டிக்கொண்டு ஹாலை இரண்டு சுற்று சுற்றும். எங்கே உட்காருவது, எப்படி நிற்பது, ஒன்றும் தெரியாது. கடைசியில் ஜன்னல் திரையில் மோதி, நகத்தால் பற்றிக்கொண்டு, பீரோவுக்குப் பின்னால் சறுக்கி விழும். எடுத்துப் பார்த்தால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்ளும்.

திரையில் மோதினால் பரவாயில்லை. நம் வீடுகளில் கூண்டுக்கும் திரைக்கும் நடுவே சீலிங் ஃபேன் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதுதான் பயம்.

குஞ்சாக வாங்கிவந்து, சிரிஞ்சில் கஞ்சி ஊட்டி வளர்த்த கிளிக்கு இந்த முதல் சில வாரங்கள்தான் கண்டம். இதைத் தாண்டிவிட்டால், கூப்பிட்ட குரலுக்குப் பறந்து வந்து தோளில் உட்காரும் கிளியாக அது பல வருடம் இருக்கும். தாண்ட உதவ வேண்டியது வீட்டில் உள்ளவர்கள்.

எந்தக் கிளி?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் பச்சைக்கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது, விற்பது, கூண்டில் வைப்பது எல்லாமே குற்றம். "எங்க தாத்தா காலத்துல எல்லார் வீட்டுலயும் இருந்துச்சே" என்பது உண்மைதான். ஆனால் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

இங்கே பேசப்படுவது வெளிநாட்டு இனங்கள். நாம் காலங்காலமாக 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்லி வளர்ப்பவை உண்மையில் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர்கள். நிஜமான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவை. கொண்டை வைத்த காக்டெயிலும் ஆஸ்திரேலியாதான். மஞ்சளும் ஆரஞ்சுமாக, காது கிழியக் கத்தும் சன் கன்யூர் தென் அமெரிக்கா. சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்றவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. அவற்றை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. வாங்கும்போதே ரசீதைக் கேட்டு வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

சொல்லித்தராமல் வரும் கலை

"பறக்கக் கத்துக்கொடுக்கணுமே, எப்படி?" என்றுதான் புதிதாகக் கிளி வளர்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பறப்பதைக் கற்றுக்கொடுக்கத் தேவையே இல்லை.

1870-களில் இங்கிலாந்தில் டக்ளஸ் ஸ்பால்டிங் என்பவர் இதைச் சோதித்துப் பார்த்தார். தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர். இறக்கை முளைக்காத தகைவிலான் குஞ்சுகளை, இறக்கையை விரிக்கவே இடமில்லாத சிறிய பெட்டிகளில் வைத்து வளர்த்தார். மற்ற குஞ்சுகள் பறக்கும் பருவம் வந்தபோது பெட்டியைத் திறந்துவிட்டார். ஒருநாள்கூட இறக்கை அடித்துப் பழகாத அந்தக் குஞ்சுகள் பறந்தன. குழந்தைக்குப் பல் முளைப்பதுபோல, வயது வந்தால் பறக்கும் திறன் தானாக வந்துவிடுகிறது.

அந்த வயது இனத்துக்கு இனம் மாறும். பட்ஜெரிகரும் காக்டெயிலும் ஏறத்தாழ ஐந்து வாரத்தில் கிளம்பிவிடும். சன் கன்யூருக்கு எட்டு வாரம்போல ஆகும். ஆப்பிரிக்கன் கிரேக்குப் பத்து, பன்னிரண்டு வாரம்.

கிளம்புவதற்குச் சில நாள் முன்பு ஒரு மாற்றம் வரும். அதுவரை சிரிஞ்சைக் கண்டாலே தலையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்த குஞ்சு, திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாதி குடித்துவிட்டு ஓடிவிடும். எடையும் கொஞ்சம் குறையும். "என்னமோ ஆயிடுச்சு, சாப்பிடவே மாட்டேங்குது" என்று வீடே பதறும். பயப்பட வேண்டியதில்லை. கொழுகொழுவென்று இருந்த உடம்பைப் பறப்பதற்காகக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வாயைப் பிடித்துத் திணிக்கக் கூடாது. சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசில் தினமும் காலையில், வெறும் வயிற்றில் நிறுத்துக் குறித்துவைத்தால் போதும். கொஞ்சம் குறைந்து நின்றுவிட்டால் சரி. நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போனாலோ, இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் தூங்கினாலோ, தொண்டைப்பையில் போன கஞ்சி அடுத்த வேளை வரை இறங்காமல் இருந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இவ்வளவு சின்ன உடம்பில் நோய் ஒருநாளில் முற்றிவிடும்.

முதலில் வீட்டைப் பழக்குங்கள்

பறக்கும் வயது நெருங்குகிறது என்றால் கிளிக்கு முன்பு வீட்டில் உள்ள மனிதர்களுக்குத்தான் பயிற்சி தேவை. முதல் பாடம் ஃபேன்.

மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது. சரிதான். அதனால் கிளி வெளியே வருவதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அந்த அறையில் ஃபேன் ஓடாது. இதை வாயால் சொல்லிவைத்தால் போதாது. வெளியிலிருந்து வியர்வையோடு வரும் ஒருவர், யோசிக்காமல் சுவிட்சைத் தட்டிவிடுவார். கை பழக்கம் அப்படி. கிளி வெளியே இருக்கும்போது சுவிட்சின் மேல் ஒரு சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். விருந்தாளிக்கும் புரியும். ஃபேனை நிறுத்திய பிறகும் இறக்கைகள் முழுதாக நின்றதைப் பார்த்த பின்புதான் கூண்டைத் திறக்க வேண்டும்.

அடுத்தது கண்ணாடி. கிளிக்கு ஜன்னல் கண்ணாடி தெரியாது, அதற்கு அப்பால் இருக்கும் மரம்தான் தெரியும். முழு வேகத்தில் போய் மோதும். முதல் சில வாரம் திரையை இழுத்துவிடுங்கள், அல்லது கண்ணாடியில் பேப்பர் ஒட்டுங்கள். பிறகு கிளியைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிக் காட்டுங்கள். கண்ணாடியின் மேல் அதன் அலகு தொடும்படி கொண்டுபோய் நிறுத்துங்கள். இங்கே ஒரு சுவர் இருக்கிறது என்று அதற்குப் புரியும். பீரோ கண்ணாடிக்கும் இதேதான்.

சமையலறைக் கதவு மூடியிருக்க வேண்டும். கொதிக்கும் எண்ணெய், சாம்பார் பாத்திரம் மட்டும் காரணமில்லை. நான்ஸ்டிக் தவா அளவுக்கு மேல் சூடானால் அதிலிருந்து வரும் புகை, நமக்கு வாசனைகூடத் தெரியாமல், பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கேனரி குருவியைக் கொண்டுபோனார்கள். பறவையின் நுரையீரல் அவ்வளவு வேகமாகக் காற்றை உறிஞ்சுகிறது. கொசுவத்தி, ரூம் ஸ்பிரே, சாம்பிராணிப் புகை எல்லாம் கிளி இருக்கும் அறைக்கு ஆகாது. பூஜை அறையில் விளக்கு எரியும்போது அந்தப் பக்கக் கதவையும் சாத்திவிடுங்கள்.

பலரும் மறப்பது குளியலறை வாளி. தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் விழுந்த கிளிக்கு வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறிவரத் தெரியாது. கழிப்பறை மூடியும் அப்படித்தான், எப்போதும் மூடியே இருக்கட்டும்.

இறங்குவதுதான் வித்தை

ஸ்கூட்டி ஓட்டப் பழகுபவர்களைப் பாருங்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகுவது முதல் நாளே வந்துவிடும். நினைத்த இடத்தில் நிறுத்திக் காலை ஊன்றுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். கிளிக்கும் அதே கதை.

ஒரு கம்பில் உட்கார வேண்டுமென்றால் பறவை எத்தனை வேலையைச் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது! வேகத்தைக் குறைக்க உடம்பை நிமிர்த்த வேண்டும். வாலை விசிறிபோல விரிக்க வேண்டும். இறக்கையை முன்பக்கமாக அடித்துக் காற்றைத் தடுக்க வேண்டும். கால்களை முன்னே நீட்டி, சரியான நொடியில் விரலை மூட வேண்டும். ஒரு நொடி முந்தினால் கீழே விழும், பிந்தினால் மோதும். இறக்கை அடிப்பதுபோல இது மொத்தமும் வயதோடு சேர்ந்து வந்துவிடுவதில்லை. நிறைய விழுந்து, நிறைய தவறவிட்டுத்தான் வரும்.

அதனால்தான் முதல் நாட்களில் குஞ்சு பறந்துகொண்டே இருக்கிறது. உட்காரத் தெரியாமல்தான் சுற்றுகிறது, மூச்சு வாங்கும் வரை. அறையிலேயே அதற்குப் பழக்கமான, நகம் பிடிக்கிற இடம் ஒன்றைத் தேடும். பெரும்பாலும் யாராவது ஒருவரின் தலைதான் கிடைக்கும். (வழுக்கைத் தலை தாத்தாக்கள் இந்த வாரங்களில் துண்டு கட்டிக்கொள்வது இருவருக்கும் நல்லது.)

இதற்கு உதவ, அறையில் இறங்கும் இடங்களை அமைத்துக்கொடுங்கள். கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ ஒடித்து, நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, ஸ்டாண்டில் பொருத்துங்கள். பட்டையோடு இருக்கும் கிளையில் கால் நன்றாகப் பிடிக்கும். கடையில் கொடுக்கும் வழவழ பிளாஸ்டிக் குச்சியில் புதிதாக இறங்கும் குஞ்சு வழுக்கி விழும். மூன்று இடத்தில், மூன்று உயரத்தில் வைக்கலாம். கீழே டைல்ஸ் தரை என்றால் பழைய ஜமுக்காளமோ கம்பளியோ விரித்துவிடுங்கள்.

பயிற்சியை ஓர் அடியில் தொடங்குங்கள். கிளி கம்பில் இருக்கிறது. உங்கள் கை அதன் காலுக்கு நேராக, எட்டிக் காலை வைக்கும் தூரத்தில். 'வா' என்கிறீர்கள். வந்தால் ஒரு தினைக்கதிர் துணுக்கு. அடுத்த நாள் கையை இன்னும் நாலு விரற்கடை தள்ளி வைக்கிறீர்கள், எட்டிக் குதிக்கும். அதற்கடுத்து ஒரு குதியும் ஒரு இறக்கை அடியும் சேரும். ஒரு வாரம், பத்து நாளில் அது அறையின் அந்தக் கோடியிலிருந்து வரும். வர மறுத்தால் அவசரப்படாமல் பழைய தூரத்துக்கே போய்விடுங்கள்.

கூப்பிடும் சொல் ஒன்றாக இருக்கட்டும். பாட்டி "வாடா தங்கம்" என்பார், பேத்தி "கம், கம்" என்பாள், அப்பா விசில் அடிப்பார். கிளி குழம்பிப்போய் எதற்கும் வராது. குடும்பமே உட்கார்ந்து ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளுங்கள். இந்தச் சொல்தான் பின்னால் ஒருநாள் கிளியின் உயிரைக் காப்பாற்றப்போகிறது.

சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்பு பயிற்சி வைத்தால் ஆர்வமாக வரும். அதற்காகப் பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது. வளரும் குஞ்சை ஒருவேளை பட்டினி போட்டாலே அது தளர்ந்துவிடும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், இறக்கையை உடம்பிலிருந்து தள்ளித் தொங்கவிட்டால், அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள்.

நேர்க்கோட்டில் வருவதைவிடக் கடினம், மேலிருந்து கீழே வருவது. மேலே போவது பயத்திலேயே நடந்துவிடும். திரைக் கம்பியின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு, கீழே பார்த்துக் கத்தும் குஞ்சு அடம்பிடிக்கவில்லை. இறங்கத் தெரியாமல்தான் கத்துகிறது. இந்த நேரத்தில் நாற்காலி போட்டு ஏறி எடுத்துவிட்டால், நாளைக்கும் நீங்கள்தான் ஏற வேண்டும். துடைப்பத்தைக் காட்டி விரட்டினால் இன்னும் மோசம், உங்களையே கண்டு பயப்படும். கொஞ்சம் தள்ளி நின்று கையை உயர்த்திக் காட்டிக் கூப்பிடுங்கள். அது வந்ததும், அடுத்த நாள் கையை ஒரு சாண் தாழ்த்திக்கொள்ளலாம். மாடிப்படி உள்ள வீட்டுக்காரர்களுக்கு இன்னும் வசதி. கிளியை நாலாவது படியில் விட்டுவிட்டு, இரண்டாவது படியில் உட்கார்ந்து கூப்பிடலாம். நாளுக்கு ஒரு படி கூட்டிக்கொண்டே போனால், மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு வரும் பறவையாகிவிடும்.

"கையில வெச்சு மேல தூக்கிப் போடு, தானா பறக்கும்" என்று யோசனை சொல்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தூக்கிப்போட்டால் பறக்கத்தான் செய்யும், இறங்கத் தெரியாமல் சுவரில் போய் மோதும். உங்கள் கை நம்பத்தகாதது என்ற பாடத்தையும் கூடவே கற்றுக்கொள்ளும்.

வெட்டலாமா?

கிளி விற்கும் இடங்களில், "இறக்கையை வெட்டித் தரவா சார்?" என்று சகஜமாகக் கேட்பார்கள். சில இடங்களில் கேட்காமலேயே வெட்டியிருப்பார்கள். முழுதாக வளர்ந்த இறகை வெட்டுவது நகம் வெட்டுவது போலத்தான், வலிக்காது. ஃபேனில் அடிபடாது, ஓடிப்போகாது என்பது அவர்கள் சொல்லும் நியாயம். வீட்டில் கைக்குழந்தைகள், எப்போதும் திறந்த வாசல் என்று இருப்பவர்களுக்கு அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே படும்.

ஆனால் முதல் முறை பறப்பதற்கு முன்பே வெட்டுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மேலே சொன்ன இறங்கும் வித்தை எல்லாம் அந்தச் சில வாரங்களில் விழுந்து எழுந்து வருவது. அந்த வாய்ப்பே போய்விடும். பறக்க வேண்டுமென்ற உந்துதலை மட்டும் கத்தரிக்கோலால் வெட்ட முடியாது. குதிக்கும், காற்று ஏந்தாது, நெஞ்செலும்பு தரையில் அடிபட விழும். சில முறை அப்படி விழுந்த கிளி, கூண்டை விட்டு வரவே பயப்படும். ஒரு பக்க இறக்கையை மட்டும் வெட்டுவது இன்னும் கொடுமை, பம்பரம்போலச் சுழன்று விழும்.

வெட்டிய கிளி ஓடிப்போகாது என்பதும் முழு உண்மையில்லை. வீட்டுக்குள் பறக்க முடியாத கிளி, மொட்டைமாடியில் ஒரு காற்று அடித்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்பி வரத்தான் இறக்கை இருக்காது.

ஃபேனையும் கதவையும் கட்டுப்படுத்த முடியாத வீடு என்றால், இப்போதைக்குக் கிளி வாங்காமல் இருப்பதே நல்லது.

ஏற்கெனவே வெட்டிய கிளியை வாங்கிவந்தவர்கள் மனம் தளர வேண்டாம். வெட்டிய இறகு வளராது. ஆனால் இறகு உதிரும் பருவத்தில் அந்த அடிக்கட்டை விழுந்து, புதிய இறகு முளைக்கும். மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் ஒரு வருடம்கூட. அடிக்கட்டையைப் பிடுங்கினால் சீக்கிரம் வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புதிதாக முளைக்கும் இறகின் தண்டுக்குள் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும். கருநீலமாகத் தெரியும். அது ஒடிந்தால் ரத்தம் சொட்டும். சோளமாவை வைத்துச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நிற்காவிட்டால் உடனே மருத்துவரிடம் போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில், பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்பதைக் கிளி வாங்கும் அன்றைக்கே விசாரித்துவைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் வழியும்போது தேடக் கூடாது.

பல வருடம் பறக்காமலே இருந்த கிளிக்கு நெஞ்சுச் சதை வற்றிப்போயிருக்கும். பறக்கும் பறவைகளின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அந்தச் சதைதான். அதோடு, சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று கொழுப்பும் ஏறியிருக்கும். முதலில் தீனியை மாற்றுங்கள். கீரை, கேரட், முளைகட்டிய பயறு, கொஞ்சம் பழம். பிறகு கையில் உட்காரவைத்து, கையை மெதுவாகத் தாழ்த்தினால் சமநிலைக்காக இறக்கையை விரிக்கும். அதுதான் அதற்கு உடற்பயிற்சி. குஞ்சுக்குப் பத்து நாளில் வருவது இதற்கு ஆறு மாதத்தில் வரலாம்.

ரீல்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள்

கடற்கரையில், மலை உச்சியில், கையை நீட்டினால் வானத்திலிருந்து கிளி வந்து இறங்கும் வீடியோக்களைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். "நம்மளும் மொட்டைமாடியில விடலாம்ப்பா" என்பார்கள். அந்த வீடியோவுக்குப் பின்னால் மாதக்கணக்கான பயிற்சி இருக்கிறது. தொலைந்துபோன பறவைகளின் வீடியோவை யாரும் போடுவதில்லை.

நம் ஊர் மொட்டைமாடியின் வானத்தில் காகம் இருக்கிறது. புதிதாக, மஞ்சளாக ஒன்று பறந்தால் கூட்டமாகத் துரத்தும். பருந்தும் வல்லூறும் இருக்கின்றன. பட்டம் விடும் காலத்தில் மாஞ்சா நூல் வேறு. வெயில் காட்ட வேண்டுமென்றால் கூண்டோடு கொண்டுபோங்கள், பாதி நிழல் இருக்கும்படி. காலில் நூல் கட்டி வெளியே கொண்டுபோவது நம் ஊரில் பழைய பழக்கம். கிளி திடுக்கிட்டு எழும்பினால், அந்த நூல் அதன் காலை ஒடித்துவிடும்.

"கூண்டுல அடைச்சு வெக்கிறது பாவம், பறக்கக் கத்துக்கிச்சு, போகட்டும்" என்று திறந்துவிடும் நல்ல மனசுக்காரர்களும் இருக்கிறார்கள். பறப்பது வேறு, பிழைப்பது வேறு. அமெரிக்காவின் அரிசோனா மலைகளில், அழிந்துபோன தடித்த அலகுக் கிளிகளைத் திரும்பக் கொண்டுவர 1986-ல் ஒரு முயற்சி தொடங்கியது. மனிதர் கையில் வளர்ந்த கிளிகளுக்குக் கூட்டத்தோடு சேர்ந்திருக்கத் தெரியவில்லை. வேட்டைப் பறவைகளுக்கு இரையாயின. 1993-ல் முயற்சி நின்றது. பிறகு போர்ட்டோ ரிக்கோ தீவில், காட்டில் விடப்போகும் கிளிகளைப் பெரிய கூண்டில் பறக்கவிட்டுப் பழக்கியதோடு, பருந்தைக் கண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பழக்கிய பிறகே வெளியே விட்டார்கள். நம் ஹாலில் ஜமுக்காளத்தின் மேல் விழுந்து பழகிய காக்டெயிலுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

பறந்து போய்விட்டால்...

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கேஸ் சிலிண்டர் வரும், கதவு திறந்திருக்கும், கிளி போய்விடும். அழுதுகொண்டு உட்காராமல், எந்தத் திசையில் போனது, எவ்வளவு உயரத்தில் போனது என்பதை ஒருவர் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். வீட்டுக்கிளி பெரும்பாலும் வெகுதூரம் போகாது. களைத்துப்போய் இரண்டு, மூன்று தெரு தள்ளி, உயரமான மரம் ஒன்றின் உச்சியில் உட்காரும். உட்கார்ந்த பிறகு அதற்குப் பழைய பிரச்னைதான். இறங்கத் தெரியாது. மாடிப்படியில் நாளுக்கு ஒரு படியாகப் பழகிய கிளி கூப்பிட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளைமாறி இறங்கிவரும். பழகாதது மேலேயே நின்று கத்தும்.

மரத்தில் ஏறாதீர்கள், கல்லெறிந்து கிளப்பாதீர்கள், இன்னொரு தெருவுக்குப் போய்விடும். அதன் கூண்டைக் கொண்டுவந்து, அது பார்க்கும்படி பக்கத்து வீட்டு மாடியில் திறந்துவையுங்கள். உள்ளே பிடித்த தீனி இருக்கட்டும். ஜோடிக் கிளி இருந்தால் அதைத் தனிக்கூண்டில் வைத்து அருகே வையுங்கள், அதன் குரல் உங்கள் குரலைவிட நன்றாக இழுக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தாமல், அது அதிகம் பழகிய ஒருவர் மட்டும் அந்த ஒரே சொல்லைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். நேரே மரத்தடியில் நிற்பதைவிடச் சற்றுத் தள்ளி நின்றால், அது சரிவாக இறங்கிவர இடம் இருக்கும்.

இருட்டிவிட்டால் அன்று வராது. இருட்டில் பெரும்பாலும் அது இடம் மாறாது, அந்தக் கிளையிலேயே தூங்கும். எந்தக் கிளை என்று குறித்துவைத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வெளிச்சம் வருவதற்கு முன்பே கூண்டோடும் தினைக்கதிரோடும் அந்த மரத்துக்குத் திரும்பிவிடுங்கள். கிளிகள் விடிந்ததும் முதலில் கத்தித் தன் கூட்டத்தைத் தேடும், அப்போது பசியும் இருக்கும். அந்த முதல் குரல் கேட்டவுடன் கீழிருந்து பதில் போக வேண்டும்.